மொபைல் ஆப் டெவலப்பர் நேர்காணல்: உண்மையில் என்னதான் கேட்கிறார்கள்?

புதுக்கிளை:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆண்ட்ராய்டில் வேலை செய்கிறேன். இப்போது இருக்கும் இடத்தில் முக்கால்வாசி ஜாவாவும், திரை வடிவமைக்கும் பழைய முறையான எக்ஸ்எம்எல்லும்தான். புதிதாக வரும் திரைகளை மட்டும் கோட்லினில் எழுத விடுகிறார்கள். திரை கட்டும் புதிய முறையான கம்போஸை நானாக உட்கார்ந்து கற்றதோடு சரி.

அடுத்த வாரம் ஒரு ப்ராடக்ட் நிறுவனத்தில் நேர்காணல். ஹெச்ஆர் அனுப்பிய மெயிலில் நான்கு சுற்று என்று போட்டிருக்கிறது. முதலில் ஃபோனில் அரை மணி நேரம், அப்புறம் லைவ் கோடிங், அதற்கடுத்து "மொபைல் சிஸ்டம் டிசைன்", கடைசியில் மேலாளரோடு பேச்சு.

தேடினால் "ஆண்ட்ராய்டு நேர்காணல் கேள்விகள் 200" என்ற ரகத்தில்தான் கிடைக்கிறது. ஆக்டிவிட்டி என்றால் என்ன, இன்டென்ட் எத்தனை வகை, சர்வீஸுக்கும் த்ரெட்டுக்கும் என்ன வித்தியாசம்... இதையெல்லாம் இன்னும் கேட்கிறார்களா? சிஸ்டம் டிசைன் என்றால் சர்வர் பக்கம் படிக்க வேண்டுமா? சமீபத்தில் போய் வந்தவர்களும், எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

விடுகதை:

லீட்கோட் (அல்காரிதம் புதிர்ப் பயிற்சித் தளம்) போடுங்கள். அர்ரே, ஹேஷ்மேப், ட்ரீ, கிராஃப் நான்கும் கைவசம் இருந்தால் முதல் இரண்டு சுற்றைத் தாண்டிவிடலாம். ஆண்ட்ராய்டு சமாச்சாரங்களை வேலையில் சேர்ந்த பிறகுகூடக் கற்றுக்கொள்ளலாம்.

நடுநிசி_பில்ட்:

இத்தனை வருடம் ஆப் எழுதியாயிற்று. பைனரி ட்ரீயைத் திருப்பிப் போடுங்கள் என்று எந்தப் பயனரும் ரிவ்யூவில் கேட்டதில்லை. ஒரு நட்சத்திரம் கொடுப்பவர்கள் எல்லாம் "ஆப் தொங்குகிறது" என்றுதான் எழுதுகிறார்கள்.

புதுக்கிளை, லைவ் கோடிங் என்றால் அல்காரிதமா, சின்னதாக ஒரு திரையைக் கட்டச் சொல்வார்களா என்று ஹெச்ஆரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கல்தச்சன்:

கேள்வி கேட்கிற பக்கம் உட்காருபவன் நான், ஆண்ட்ராய்டு குழு. நடுநிசி சொன்னது சரி, அதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

அந்த 200 கேள்விப் பட்டியலில் உள்ள விஷயங்களை இன்னும் கேட்கிறோம், ஆனால் அந்த வடிவில் கேட்பதில்லை. நான் வழக்கமாகக் கேட்பது இது: பயனர் ஒரு நீளமான படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார். பாதியில் ஒரு அழைப்பு வருகிறது. பேசி முடித்து, கேமராவைத் திறந்து நாலு படம் எடுத்து, வேறு இரண்டு ஆப்புக்குள் போய்விட்டு, அரை மணி நேரம் கழித்து நம் ஆப்புக்குத் திரும்புகிறார். இப்போது திரையில் என்ன இருக்கும்?

சிலர் திரை மறையும்போதும் திரும்பும்போதும் சிஸ்டம் அழைக்கும் ஆன்பாஸ், ஆன்ஸ்டாப், ஆன்ரீஸ்டார்ட் என்று மளமளவென்று ஒப்பிப்பார்கள். நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை. இன்னும் சிலர், "வியூமாடலில் வைத்திருக்கிறேன், அதனால் அப்படியே இருக்கும்" என்பார்கள். பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஃபோனைத் திருப்பினால் ஆக்டிவிட்டி, அதாவது திரை, அழிந்து மறுபடி உருவாகும், அதன் தரவை வைத்திருக்கும் வியூமாடல் தப்பித்துக்கொள்ளும், சரி. ஆனால் பின்னணியில் கிடக்கும் ஆப்பின் ப்ராசஸையே நினைவகம் போதாமல் சிஸ்டம் கொன்றுவிட்டால் வியூமாடலும் சேர்ந்தே போய்விடும். பயனர் திரும்பி வரும்போது அதே திரைதான் திறக்கும், உள்ளே சரக்கு இருக்காது.

"ப்ராசஸ் உயிரோடு இருந்ததா?" என்று வருபவர் என்னையே திருப்பிக் கேட்க வேண்டும். அதைத்தான் எதிர்பார்க்கிறேன். அது வந்துவிட்டால் மீதிப் பேச்சு தானாக ஓடும். சின்னச் சின்ன விவரத்தை, ப்ராசஸ் செத்தாலும் சிஸ்டம் காப்பாற்றித் தரும் சேவ்டுஸ்டேட்ஹேண்டிலில் வைக்கலாம், பெரியதை ஃபோனிலேயே இருக்கும் ரூம் டேட்டாபேஸில் எழுதி அதன் ஐடியை மட்டும் வைக்கலாம். முழுப் பட்டியலையும் பண்டிலுக்குள் (சேமித்த நிலையைச் சுமக்கும் பொட்டலம்) திணித்தால் என்ன ஆகும் என்று அடுத்துக் கேட்பேன். ப்ராசஸ்களுக்கு இடையே தரவு கடத்தும் பைண்டர் பரிமாற்றத்துக்கு மொத்தமே சுமார் 1 எம்பி இடம்தான், அதுவும் அந்த ப்ராசஸில் ஓடும் எல்லாப் பரிமாற்றங்களுக்கும் பொது. தாண்டினால் ட்ரான்சாக்‌ஷன் டூ லார்ஜ் என்று க்ராஷ் ஆகும்.

கடைசியாக, "இதை எப்படிச் சோதித்தீர்கள்?" என்று கேட்பேன். சமீபத்திய ஆப்களின் பட்டியலான ரீசன்ட்ஸிலிருந்து ஆப்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன் என்றால் சரிவராது. அங்கே சேமித்த நிலையும் சேர்ந்து போய்விடும், பயனரே மூடியதாகக் கணக்கு. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் உள்ள 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' ஓரளவு உதவும், ஆனால் அதில் ப்ராசஸ் சாகாது, சிங்கிள்டன்கள் (ஆப் முழுக்க ஒன்றே ஒன்றாக இருக்கும் ஆப்ஜெக்ட்கள்) எல்லாம் உயிரோடு இருக்கும். ஹோம் பட்டனை அழுத்திப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு கணினியிலிருந்து ஃபோனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி வழியாக, ப்ராசஸைக் கொல்லும் 'ஏஎம் கில்' கொடுத்துப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் இந்தப் பிரச்சினையோடு ஒருநாள் மல்லுக்கட்டியவர் என்று அர்த்தம்.

புதுக்கிளை:

நன்றி அண்ணா. இதை எங்கள் ஆப்பிலேயே இப்போது செய்து பார்த்தேன். ஒரு சந்தேகம்: பெயர், முகவரி எல்லாம் அப்படியே இருந்தது, ஆனால் தேதி மட்டும் காலியாகிவிட்டது. நாங்கள் எதையும் சேமிக்கவில்லையே, பெயர் எப்படி நின்றது?

கல்தச்சன்:

நல்ல கேள்வி. ஐடி உள்ள எடிட்டெக்ஸ்ட் (எழுத்துப் பெட்டி) தன் எழுத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ளும், பழைய வியூ சிஸ்டம் அதைச் செய்துவிடும். தேதியை டயலாகில் தேர்ந்தெடுத்து ஒரு வேரியபிளில் வைத்திருப்பீர்கள், அதை யாரும் காப்பாற்றவில்லை. கம்போஸில் இந்த வசதி தானாக வராது. வெறும் ரிமெம்பர் என்றால் திரையைத் திருப்பினாலே போய்விடும், ரிமெம்பர்சேவபிள் போட வேண்டும். நீங்கள் இப்போது பார்த்ததை அப்படியே நேர்காணலில் சொல்லுங்கள். பட்டியல் மனப்பாடத்தைவிட இந்த ஒன்றுக்கு மதிப்பு அதிகம்.

சிட்டுக்குருவி:

ஐஓஎஸ் பக்கமும் கதை இதேதான். நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் ஏஆர்சி என்றால் என்ன என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அதனால் நான் ஒரு பக்கக் கோடைக் கொடுத்து, இந்தத் திரையை மூடிய பிறகும் நினைவகத்திலிருந்து ஏன் போகவில்லை என்று கேட்பேன்.

"எல்லா க்ளோஷரிலும் வீக் செல்ஃப் போடுவேன்" என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். (க்ளோஷர் என்பது கையிலெடுத்துக் கொடுக்கக்கூடிய கோடுத் துண்டு, வீக் செல்ஃப் என்பது ஆப்ஜெக்டை இறுகப் பிடிக்காத இணைப்பு.) மேப், ஃபில்டரில் எல்லாம் அது எதற்கு? அந்த க்ளோஷரை யாரும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ஒரு ஆப்ஜெக்ட் தன் ப்ராபர்ட்டியிலேயே க்ளோஷரை வைத்து, அந்த க்ளோஷர் திரும்ப அதே ஆப்ஜெக்டைப் பிடித்தால்தான் சுழல் உருவாகும். திரும்பத் திரும்ப ஓடும் டைமர் அதற்கு நல்ல உதாரணம். டைமரை ரன்லூப் பிடித்திருக்கிறது, டைமர் வியூ கன்ட்ரோலரைப் பிடித்திருக்கிறது, டைமரை நிறுத்தும் இன்வாலிடேட் வரி, ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் டீஇனிட்டில் உட்கார்ந்திருக்கிறது. அந்த டீஇனிட் வரப்போவதே இல்லை! இதை ஐஓஎஸ் ஆப் எழுதும் கருவியான எக்ஸ்கோடின் மெமரி கிராஃபில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்பவர் உடனே தனியாகத் தெரிவார்.

ஐஓஎஸ் திரை கட்டும் ஸ்விஃப்ட்யுஐ என்றால் ஸ்டேட்ஆப்ஜெக்ட்டுக்கும் அப்சர்வ்ட்ஆப்ஜெக்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் கட்டாயம் வரும். வியூவுக்குள்ளேயே உருவாக்கிய மாடலை அப்சர்வ்ட்ஆப்ஜெக்ட்டாக வைத்தால், தாய் வியூ மறுபடி வரையப்படும்போது மாடல் புதிதாகப் பிறந்துவிடும், பயனர் தட்டியது காற்றோடு போகும்.

பாதுகாப்பில் ஒரு கேள்வி: லாகின் டோக்கனை எங்கே வைப்பீர்கள்? சாதாரண அமைப்புகளை வைக்கும் யூசர்டிஃபால்ட்ஸ் என்றால் பேச்சு அங்கேயே இறங்கிவிடும். ரகசியங்களைப் பூட்டி வைக்கும் கீசெயின் என்று சொன்னவரிடம் அடுத்ததைக் கேட்பேன்: பயனர் ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார், என்ன நடக்கும்? கீசெயினில் போட்டது வழக்கமாக ஆப்போடு சேர்ந்து அழிவதில்லை. பழைய டோக்கன் அங்கேயே காத்திருக்கும். முதல் முறை திறக்கும்போது அதை என்ன செய்வது என்று யோசிக்க வைப்பதுதான் நோக்கம்.

மூன்றாம்சுற்று:

நான் வேலை தேடிக்கொண்டிருப்பவன். லைவ் கோடிங்கில் எனக்கு அடிக்கடி வந்தது தேடல் பெட்டிதான். ஒரு ஏபிஐ (சர்வரிடம் தரவு கேட்கும் வழி) கொடுப்பார்கள், தட்டத் தட்ட முடிவுகள் வர வேண்டும், 45 நிமிடம். கேட்க எளிது, உள்ளே குழி நிறைய.

ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரை அழைக்கக் கூடாது, தட்டுவது நின்றபின் 300 மில்லிசெகண்ட் காத்திருந்து அழைக்கும் டிபவுன்ஸ் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். போட்டு முடித்ததும் அவர்கள் கேட்பது: பயனர் "மழை" என்று தட்டி ஒரு நொடி நின்றார், அப்புறம் "மழைக்காலம்" என்று முடித்தார். இரண்டு கோரிக்கை போய்விட்டது. முதலாவதின் பதில் தாமதமாகி இரண்டாவதற்குப் பின்னால் வந்து சேர்ந்தால்? பெட்டியில் மழைக்காலம், கீழே மழைக்கான முடிவுகள். டிபவுன்ஸ் இதைத் தீர்க்காது. ஃப்ளாட்மேப்லேட்டஸ்ட் போட்டுப் பழைய கோரிக்கையை ரத்து செய்ய வேண்டும்.

கல்தச்சன்:

அருமையாகச் சொன்னீர்கள். நாங்களும் கிட்டத்தட்ட இதையேதான் கொடுக்கிறோம், ஒரு படி சேர்த்து. ரத்து செய்யும்போது பின்னணி வேலையை ஓட்டும் கொரூட்டீன், கேன்சலேஷன்எக்செப்ஷனை வீசும். பலரும் நெட்வொர்க் அழைப்பைச் சுற்றி ட்ரை-கேட்ச் போட்டு எல்லா எக்செப்ஷனையும் பிடித்து "ஏதோ தவறு" என்று திரையில் காட்டிவிடுவார்கள். ரத்தானதும் அந்த வலையில் விழும். சிலருடைய கோடில் வேகமாகத் தட்டும்போதெல்லாம் பிழைச் செய்தி மின்னி மறைவது இதனால்தான். கோட்லினின் ரன்கேச்சிங்கிலும் இதே தொல்லை உண்டு. கேன்சலேஷனைப் பிடித்தால் மறுபடி வீசிவிட வேண்டும்.

இதைத் தெரியாவிட்டால் வேலை இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்த மின்னலைக் காட்டி "ஏன் இப்படி?" என்று கேட்டால், லாக் போட்டு, பொறுமையாகத் தேடுகிறாரா என்று பார்ப்பேன். தேடினால் போதும்.

இன்னொன்று. பெட்டி காலியாக இருக்கும்போது, ஏற்றிக்கொண்டிருக்கும்போது, முடிவே இல்லாதபோது, நெட் இல்லாதபோது திரை எப்படி இருக்க வேண்டும் என்று தொடங்கும் முன் கேளுங்கள். இந்த நிலைகளை ஒரு சீல்டு கிளாஸாக (வகைகள் முன்கூட்டியே முடிவான கிளாஸ்) எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நடுநிசி_பில்ட்:

ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டுக்கும் எழுதும் ஃப்ளட்டர் பக்கம் யாரும் வரவில்லை, நானே எழுதிவிடுகிறேன். விட்ஜெட், எலிமென்ட், ரெண்டர்ஆப்ஜெக்ட் என்று மூன்று மரம் ஏன் என்பது கட்டாயம் வரும். (விடுகதைக்கு மகிழ்ச்சியாக இருக்கும், இங்கேயும் மரம்.) அவெய்ட்டுக்குப் பிறகு கான்டெக்ஸ்டைத் தொடும் முன் திரை இன்னும் இருக்கிறதா என்று மவுன்டட் பார்க்கிறீர்களா, பெரிய ஜேசான் தரவைத் தனியாக ஓடும் ஐசொலேட்டில் பிரிக்கிறீர்களா, இவையும் வரும். ஃப்யூச்சர்பில்டருக்குள் ஃப்யூச்சரை பில்ட் மெத்தடிலேயே உருவாக்கினால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டார்கள். ஒவ்வொரு பில்டுக்கும் ஒரு ஏபிஐ அழைப்பு போகும், அதுதான் ஆகும். இப்படி எழுதி ப்ளே ஸ்டோரில் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் ஏராளம் என்பது என் அபிப்பிராயம்.

அதே ரகத்து ரியாக்ட் நேட்டிவ் என்றால், ஜாவாஸ்க்ரிப்டையும் நேட்டிவ் பக்கத்தையும் இணைத்த பழைய "பிரிட்ஜ்" பற்றிப் படித்துவிட்டுப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். 2024இல் வந்த 0.76 பதிப்பிலிருந்து புதிய ஆர்க்கிடெக்சர்தான் இயல்பாக வருகிறது. அதன் பாகங்களான ஜேஎஸ்ஐ, ஃபேப்ரிக், டர்போ மாட்யூல் என்று பேச வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், கிராஸ் ப்ளாட்ஃபார்ம் ஆட்களை நேட்டிவ்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதற்கும் தயாராகப் போங்கள்.

சிட்டுக்குருவி:

ஒரு மாதிரியெல்லாம் பார்ப்பதில்லை. அனுமதி கேட்பது, புஷ் அறிவிப்பு வருவது, பின்னணியில் வேலை ஓடுவது, இந்த மூன்றிலும் ஐஓஎஸ் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தால் போதும். "அது ப்ளக்இன் பார்த்துக்கொள்ளும்" என்ற பதில்தான் இடிக்கிறது. ப்ளக்இன் உடைந்தால் யார் பார்ப்பார்கள்?

நடுநிசி_பில்ட்:

கிட்ஹப் இஷ்யூவில் "எனக்கும் இதே பிரச்சினை" என்று எழுதிவிட்டுக் காத்திருப்போம்.

புதுக்கிளை:

:) அண்ணா, சிஸ்டம் டிசைன் சுற்றைப் பற்றியும் சொல்லுங்களேன். லோட் பேலன்சர், ஷார்டிங் எல்லாம் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

கல்தச்சன்:

அதை மூடி வையுங்கள். மொபைல் சிஸ்டம் டிசைனில் சர்வர் ஒரு பெட்டி, அவ்வளவுதான். பேச்செல்லாம் ஃபோனுக்குள் நடப்பதைப் பற்றி. வழக்கமாக இரண்டில் ஒன்று வரும்: சாட் ஆப், அல்லது படங்கள் வரிசையாக ஓடும் ஃபீட்.

சாட் என்றால் நான் முதலில் தள்ளிப் பார்க்கும் இடம் ஆஃப்லைன். சிக்னல் இல்லாத லிஃப்ட்டுக்குள் நின்று ஒருவர் செய்தி அனுப்புகிறார். செய்தி உடனே திரையில் தெரிய வேண்டும், அதனால் முதலில் உள்ளூர் டேட்டாபேஸில் "அனுப்பப்படுகிறது" என்ற நிலையோடு எழுதுகிறோம். திரை டேட்டாபேஸை மட்டுமே பார்க்கும், நெட்வொர்க்கைப் பார்க்காது. வெளியே வந்ததும் பின்னணி வேலைகளைத் திட்டமிடும் ஒர்க்மேனேஜர், வரிசையில் உள்ளதை அனுப்பும். சர்வர் வாங்கிக்கொண்டது, ஆனால் அதன் பதில் நம்மை வந்தடையும் முன் சிக்னல் மறுபடி போய்விட்டது. நாம் போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்புவோம். எதிராளிக்கு ஒரே செய்தி இரண்டு முறை போகும். இதைத் தடுக்க, செய்தி பிறக்கும்போதே ஃபோனில் ஒரு தனி ஐடி கொடுத்து அதையே ஒவ்வொரு முறையும் அனுப்ப வேண்டும். முன்பே வந்த ஐடி என்றால் சர்வர் பேசாமல் சரி என்று சொல்லிவிடும். மறுமுயற்சிக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இவ்வளவையும் ஒரு படம் போட்டு விளக்கினாலே பத்து நிமிடம் போய்விடும்.

"புதுச் செய்தி வந்ததா என்று ஒர்க்மேனேஜரில் நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பேன்" என்று சொல்லிவிடாதீர்கள். திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்கு அதன் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். ஆண்ட்ராய்டு 6இல் வந்த பேட்டரி சேமிப்பு முறையான டோஸ், அதையும் தள்ளிப் போடும். அதற்குத்தான் புஷ் இருக்கிறது. அந்த அறிவிப்பைக் காட்டவும் ஆண்ட்ராய்டு 13 முதல் பயனரிடம் அனுமதி வாங்க வேண்டும், மறுத்தால் என்ன செய்வீர்கள் என்பது அடுத்த கேள்வி.

ஃபீட் என்றால் படக் கணக்கு. 4000 x 3000 அளவுள்ள ஒரு படம் கோப்பாக 3 எம்பிதான் இருக்கும். அதை அப்படியே நினைவகத்தில் விரித்தால் ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி. கட்டைவிரல் அளவில் காட்ட இது எதற்கு? காட்டும் அளவுக்குச் சுருக்கித்தான் டிகோட் செய்ய வேண்டும். கிளைட், காயில் போன்ற லைப்ரரிகள் இதைச் செய்துவிடும், ஆனால் அவை என்ன செய்கின்றன என்று சொல்லத் தெரிய வேண்டும். பக்கம் பக்கமாக இறக்கும் பேஜினேஷனில் ஆஃப்செட்டா (எத்தனையாவது என்ற எண்) கர்சரா (கடைசியாகப் பார்த்த பதிவின் அடையாளம்) என்று கேட்டால், மேலே புதுப் பதிவு வந்து சேரும்போது ஆஃப்செட் நகர்ந்து பழைய பதிவு இரண்டாம் முறை தலைகாட்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

விடுகதை:

படக் கேஷ் என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். எல்ஆர்யு கேஷை (நெடுநேரம் தொடாததை முதலில் தள்ளும் கேஷ்) எழுதிக் காட்டச் சொல்வது என் பக்கத்துக் கேள்வி, மொபைலிலும் அதே சரக்குதான் ஓடுகிறது. ஆண்ட்ராய்டிலேயே எல்ஆர்யுகேஷ் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. ஹேஷ்மேப்போடு இரட்டை இணைப்புப் பட்டியல். ஜாவாவில் லிங்க்ட்ஹேஷ்மேப்புக்கு ஆக்சஸ் ஆர்டரை ட்ரூ என்று கொடுத்தால் சில வரிகளில் முடியும். லீட்கோட் போட்டவனுக்கு இது பழம். பெரிய நிறுவனங்கள் முதல் சுற்றில் இன்னும் இதைத்தான் வடிகட்டியாக வைத்திருக்கின்றன. யாருக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, நிலவரம் அதுதான்.

நடுநிசி_பில்ட்:

இதற்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாம்சுற்று:

வீட்டில் செய்து அனுப்பும் டேக் ஹோம் அசைன்மென்ட் பற்றி யாரும் பேசவில்லையே. ஒரு இடத்தில் லாகின், பட்டியல், விவரத் திரை, ஆஃப்லைன், யூனிட் டெஸ்ட், டார்க் மோட் எல்லாம் கேட்டிருந்தார்கள், கெடு இரண்டு நாள். அவர்களுடைய ஆப்பில் இல்லாத ஒரு பகுதியை அப்படியே எழுதி வாங்குவதுபோல இருந்தது. ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்து அனுப்பினேன். பதிலே இல்லை. இரண்டு முறை மெயில் போட்டும் சத்தமில்லை. இனி டேக் ஹோம் என்றாலே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

சிட்டுக்குருவி:

கோபம் நியாயமானது. நானாக இருந்தால், எத்தனை மணி நேர வேலை என்று எதிர்பார்க்கிறீர்கள், முடித்ததும் யாராவது என்னோடு உட்கார்ந்து பார்ப்பார்களா என்று முதலிலேயே கேட்பேன். இரண்டாவதுக்கு இல்லை என்றால் செய்ய மாட்டேன். உங்கள் ஒரு வார இறுதிக்கு எதிராக அவர்களும் ஒரு மணி நேரமாவது வைக்க வேண்டும்.

கல்தச்சன்:

ஆமாம், அது நேர்மையான அளவுகோல். நாங்கள் நாலு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று எழுதியே கொடுக்கிறோம். அப்படியும் சிலர் ஐந்து மாட்யூல், க்ளீன் ஆர்க்கிடெக்சர், பதினாறு யூஸ்கேஸ் என்று கட்டிக்கொண்டு வருவார்கள். இரண்டே திரை ஆப்புக்கு அவ்வளவு சடங்கு தேவையில்லை.

நான் வாங்கியதும் கோடைத் திறப்பதில்லை. முதலில் ஆப்பை ஓட்டி, ஃபோனைத் திருப்புவேன். ஏரோப்ளேன் மோடில் போட்டு ரீட்ரை அழுத்துவேன். எழுத்து அளவை உச்சத்துக்கு ஏற்றுவேன். பட்டனை இரண்டு முறை வேகமாகத் தட்டுவேன். அப்புறம்தான் கோடு. ரீட்மீயில் "இன்னும் நேரம் இருந்தால் இதைச் செய்திருப்பேன், இதை வேண்டுமென்றே விட்டேன்" என்று நாலு வரி இருந்தால் எனக்கு மிகவும் பிடிக்கும். எல்லாம் ஒரே கமிட்டில் "ஃபைனல்" என்று கிடந்தால் பிடிக்காது.

புதுக்கிளை:

ஏஐ உதவியோடு எழுதலாமா? கண்டுபிடித்துவிடுவார்களா?

கல்தச்சன்:

கண்டுபிடிப்பதெல்லாம் பெரிய விஷயமே இல்லை தம்பி. அனுமதி உண்டா என்று கேளுங்கள், நாங்கள் அனுமதிக்கிறோம். ஆனால் அடுத்த சுற்றில் உங்கள் கோடையே திறந்து வைத்து, "இந்தப் பட்டியலில் நீக்கும் வசதி சேருங்கள், நீக்கியதைத் திரும்பக் கொண்டுவரவும் முடிய வேண்டும்" என்போம். தானே யோசித்து எழுதியவருக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும். மற்றவர் தன் கோடை அப்போதுதான் முதன்முதலாகப் படிப்பார். ஏன் இங்கே ஸ்டேட்இன், ஏன் 5000 மில்லிசெகண்ட் என்று கேட்டால் விழிப்பார்.

புதுக்கிளை:

சரி அண்ணா. கடைசியாக ஒன்று. ரெசுமேயில் கம்போஸ் போடலாமா? வேலையில் செய்ததில்லை.

சிட்டுக்குருவி:

போடுங்கள், சொந்த ப்ராஜெக்ட் என்று குறிப்பிட்டே போடுங்கள். உங்கள் ஜாவா அனுபவத்தை ஒளிக்காதீர்கள். எங்கள் பக்கம் ஆப்ஜெக்டிவ்-சி தெரிந்தவர் கிடைத்தால் குழுவே நிம்மதி ஆகும், பழைய கோடு எங்கேயும் போய்விடவில்லை.

கல்தச்சன்:

இதை அப்படியே வழிமொழிகிறேன். கம்போஸ் நிலையான பதிப்பு வந்தது 2021இல்தான். அதற்கு முன் எழுதிய ஆப்களில் பல இன்னும் எக்ஸ்எம்எல்லோடுதான் ஓடுகின்றன. பழைய ஆப்புக்குள் ஒரு திரையை மட்டும் கம்போஸுக்கு எப்படி மாற்றுவீர்கள், கம்போஸ்வியூவை ஃபிராக்மென்டுக்குள் வைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டால் உங்களால் பேச முடியும். கம்போஸ் மட்டுமே பார்த்தவரால் முடியாது.

பின்னணி வேலைக்கான பழைய ஏசிங்க்டாஸ்கை ஏன் கைவிட்டார்கள் என்பதையும் உங்களிடம் கேட்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு 11இல் அது டெப்ரிகேட் ஆனது. ஆக்டிவிட்டிக்குள்ளேயே இன்னர் கிளாஸாக எழுதுவோம், திரை போன பின்பும் டாஸ்க் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும், வேலை முடிந்ததும் இல்லாத திரையில் போய் எழுதப் பார்க்கும். வியூமாடல் போகும்போது வேலையையும் ரத்து செய்யும் வியூமாடல்ஸ்கோப் எந்தப் புண்ணுக்கு மருந்து என்பதை இதை வைத்தே விளக்கலாம்.

மேலாளர் சுற்றுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு கேள்வி மட்டும் அடிக்கடி வரும்: ரிலீஸ் போன மறுநாள் க்ராஷ் எகிறுகிறது, என்ன செய்வீர்கள்? ப்ளே ஸ்டோரில் படிப்படியாக விடும் ரோல்அவுட்டை நிறுத்தலாம், ஆனால் வாங்கிவிட்டவர்களின் ஃபோனில் பழைய பதிப்பைத் திரும்ப வைக்க முடியாது. பழைய கோடையே கூடுதல் வெர்ஷன்கோடோடு மறுபடி வெளியிட வேண்டும். ஃபீச்சர் ஃப்ளாக் இருந்தால் சர்வரிலிருந்தே அணைத்துவிடலாம். கோடில் உள்ள பெயர்களைச் சுருக்கும் ஆர்8இன் மேப்பிங் கோப்பை ஏற்றாமல் விட்டிருந்தால் க்ராஷ் ரிப்போர்ட்டில் ஏ.பி.சி என்றுதான் தெரியும், அதைச் சொன்னால் மேலாளர் சிரிப்பார். அவருக்கும் அந்த அனுபவம் இருந்திருக்கும்.

சிட்டுக்குருவி:

ஆப் ஸ்டோரில் அதற்கு ஃபேஸ்டு ரிலீஸ் இருக்கிறது. முதல் நாள் 1 சதவீதம், அப்புறம் 2, 5, 10, 20, 50, ஏழாம் நாள் முழுவதும். நடுவில் நிறுத்தி வைக்கலாம். ஆனால் தானாக அப்டேட் ஆகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு, ஸ்டோருக்குள் போய்த் தானே அப்டேட் அழுத்துபவருக்கு முதல் நாளே கிடைத்துவிடும்.

புதுக்கிளை:

ஃபோன் சுற்று முடிந்தது. படிவம் கேள்வி வரவில்லை, ஆனால் அதன் ஒன்றுவிட்ட தம்பி வந்தான்: அறிவிப்பைத் தட்டி நேராக ஆர்டர் விவரத் திரைக்குள் வந்தவர் பேக் அழுத்தினால் எங்கே போக வேண்டும்? ஆப் ஏற்கெனவே திறந்திருந்தால்? ப்ராசஸ் செத்திருந்தால் என்று நானே மூன்றாவதைச் சேர்த்துக் கேட்டேன், அவர் "அதற்குத்தான் வரப்போகிறேன்" என்றார். லைவ் கோடிங்கிற்கு என் கணினியிலேயே ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து ஸ்க்ரீன் ஷேர் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஏதாவது தயார் செய்து வைக்க வேண்டுமா?

நடுநிசி_பில்ட்:

முக்கியமானது இதுதான். புது ப்ராஜெக்ட் திறந்து பில்ட் கருவியான க்ரேடில் சிங்க் முடிவதற்குள் அவர்கள் உங்களிடம் ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டு வழியனுப்பிவிடுவார்கள். முந்தின நாளே ஒரு காலி ப்ராஜெக்டில் கம்போஸ், கொரூட்டீன், ரெட்ரோஃபிட் எல்லாம் சேர்த்து ஒருமுறை பில்ட் செய்து ஓட்டி வையுங்கள். எமுலேட்டரையும் திறந்தே வையுங்கள். இன்டர்நெட் அனுமதியை மேனிஃபெஸ்டில் இப்போதே போட்டுவிடுங்கள். அது இல்லாமல் பத்து நிமிடம் ஏபிஐயைத் திட்டியவர்கள் இங்கேயே நாலு பேர் இருப்பார்கள். அப்புறம், ஸ்டுடியோ அப்டேட் வேண்டுமா என்று மூலையில் கேட்கும். தொடாதீர்கள்.